வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்: கார் விபத்துக் காயமும் இழப்பீட்டு வழக்கும்

அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்பார். கையில் ஒரு ஃபைல். விசாரிப்பு கனிவாகத்தான் இருக்கும். "எப்படி ஆச்சு, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று ஆரம்பித்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் நம்ம சார் பாத்துக்குவார், இங்க மட்டும் ஒரு கையெழுத்து" என்று முடியும். அவர் நீட்டும் தாள் வக்காலத்து, அதாவது உங்கள் வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். சில சமயம் அதன் அடியில் ஒன்றிரண்டு வெற்றுத்தாளும் இருக்கும்.

அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே வார்டு வார்டாக ஆள் அனுப்பும் வக்கீல், முதல் அறிமுகத்திலேயே ஒரு விதியை மீறித்தான் உங்களிடம் வருகிறார். வக்கீலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, நிரந்தர ஊனம் என்று காயம் பெரிதாக இருந்தால் வக்கீல் தேவை. ஆனால் முதல் சில நாட்களில் அவரைவிட அவசரமானது வேறு: சரியான தாள்கள் சரியான வார்த்தைகளோடு பதிவாவது. அதை வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ள முடியும்.

இது என்ன வழக்கு என்பதிலிருந்து தொடங்குவோம். பலருக்கு இங்கேதான் குழப்பம். ஒரு விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. எதிர் வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக ஓட்டுநர் மீது போலீஸ் போடுவது அது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் பதிவாகிறது. அதற்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338. இதில் உங்களுக்காக அரசு வக்கீல் வாதாடுவார். நீங்கள் சாட்சி மட்டுமே. ஓட்டுநருக்கு அபராதமோ சிறையோ கிடைக்கலாம், உங்கள் கைக்கு இழப்பீடு வருவது இந்த வழக்கில் இல்லை.

இரண்டாவதுதான் இழப்பீட்டு வழக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்களே போடுவது. தமிழ்நாட்டில் இந்த மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இவற்றை விசாரிக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும், தொழில் செய்யும் ஊரிலும், எதிராளி இருக்கும் ஊரிலும்கூடப் போடலாம். நெடுஞ்சாலையில் எங்கோ அடிபட்டுவிட்டு, வாய்தாவுக்கு வாய்தா அந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டுமே என்று வழக்கையே கைவிடுபவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தானாகச் சாகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

பணம் தருவது யார்? காகிதத்தில் வண்டி உரிமையாளரும் ஓட்டுநரும். நடைமுறையில் பெரும்பாலும் எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு) இல்லாமல் வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது என்கிறது சட்டத்தின் 146ஆம் பிரிவு. அதனால்தான் எதிர் வண்டியின் நம்பரும் பாலிசி விவரமும் முக்கியமாகின்றன. ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை போன்ற சிக்கல் இருந்தாலும், பல வழக்குகளில் நீதிமன்றம் "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று கம்பெனிக்கு உத்தரவிடுகிறது. எதிராளி ஏழை என்பதால் வழக்கு வீண் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட வேண்டாம்.

காருக்குள் இருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவறு உங்கள் கார் ஓட்டுநருடையது என்றால், பின் சீட்டில் இருந்தவருக்கு இழப்பீடு கிடைக்குமா என்பது அந்தக் காரின் பாலிசியைப் பொறுத்தது. முழுப் பாலிசியா, வெறும் மூன்றாம் நபர் பாலிசியா என்று பாருங்கள். ஓட்டியவரே உரிமையாளர், தவறும் அவருடையதே என்றால், 166இல் அவருக்கு வழியில்லை. உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு என்று பாலிசியில் 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு வரி இருக்கும். அதில்தான் அவர் தேட வேண்டும். பாலிசியின் இரண்டாம் பக்கத்தைப் படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சரி, இனி தாள்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. என் கணக்கில், கெட்டுப்போகும் வழக்குகளில் பாதி முதல் இரண்டு நாளிலேயே கெட்டுவிடுகின்றன.

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். "எப்படி அடிபட்டது?" என்று அவர் கேட்பார். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று நினைத்து, கூட வந்தவர் "வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி அங்கேயே எழுதப்பட்டுவிடும். இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் அதைத்தான் கையில் எடுப்பார்: "வீட்டில் விழுந்த காயத்துக்கு லாரி மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்." ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வண்டியில் போனார், எந்த வண்டி மோதியது, எந்த இடம், எத்தனை மணி. மோதிய வண்டியின் நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். தப்பான நம்பர் நம்பர் இல்லாததைவிட மோசம்.

அடுத்தது எப்.ஐ.ஆர். சில நிலையங்களில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மனு வந்ததற்கான ஏற்பு மட்டுமே அது, எப்.ஐ.ஆர். ஆகாது. திரும்பப் போய்க் கேளுங்கள். புகாரை எழுதுவது பெரும்பாலும் அடிபட்டவரின் மச்சானோ அண்ணனோ. அவர் விபத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதினால் பின்னால் மாட்டிக்கொள்வார். "தகவல் கேட்டுப் போனேன், இன்னார் இப்படிச் சொன்னார்" என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. உண்மையில் நேரில் பார்த்த ஒருவர் இருந்தால் அவருடைய பெயரும் போன் நம்பரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறு வாரம் அவரைக் கண்டுபிடிக்க முடியாது.

போலீசுக்கும் இதில் கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விசாரணை அதிகாரி அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளுக்குள். பாதிக்கப்பட்டவருக்கும் நகல் உண்டு. எப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, எதிர் வண்டியின் ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் எல்லாம் அந்த அறிக்கையோடு வரும். ஸ்கெட்சை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சாலையின் எந்தப் பக்கத்தில் மோதல் நடந்ததாகக் குறித்திருக்கிறார்கள் என்பது, தவறு யார் பக்கம் எத்தனை சதவீதம் என்ற பேச்சில் பெரிதாக வந்து நிற்கும்.

சிகிச்சைச் செலவுக்கு ஒரு வார்த்தை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது: பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு. சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு பில்லையும் அசலாக வையுங்கள். மெடிக்கல் ஷாப் சீட்டு, ஆட்டோ கார் வாடகை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படம். மெடிக்ளெய்முக்கு அசலைக் கொடுக்க வேண்டி வந்தால் முத்திரை வாங்கிய நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் உண்மையான விஷயம்: இழப்பீட்டுத் தொகை எப்படி வருகிறது? இதைப் புரிந்துகொண்டால் வக்கீல் என்ன வேலை செய்கிறார் என்பதும், நல்லவரை எப்படி அடையாளம் காண்பது என்பதும் தானே விளங்கிவிடும்.

தொகையின் ஒரு பகுதி பில்லையும் கணக்கையும் காட்டி வாங்குவது: மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமான இழப்பு, இனி ஆகப்போகும் சிகிச்சை, உடன் இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு. இதோடு வலி, வேதனை, வாழ்க்கையின் சாதாரண சுகங்களை இழந்தது என்று சில தலைப்புகளில் நீதிமன்றம் தன் மதிப்பீட்டில் கொஞ்சம் சேர்க்கும். பெரிய காயத்தில் பெரிய தொகை வருவது இவற்றில் அல்ல, நிரந்தர ஊனத்தால் வரும் வருமான இழப்பில். அது ஒரு பெருக்கல் கணக்கு.

ஒரு மரத் தச்சரை எடுத்துக்கொள்வோம். வயது 32, மாத வருமானம் 15,000 ரூபாய். உயர்ந்திருக்கக்கூடிய எதிர்கால வருமானத்துக்காக, சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. இதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 2009இல் சர்லா வர்மா தீர்ப்பு கொடுத்த அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்கு அது 16. பெருக்கினால் 40,32,000. இந்தத் தொகையில், அவர் உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம் அவருக்கு. 30 சதவீதம் என்றால் 12,09,600. 10 சதவீதம் என்றால் 4,03,200.

வயது, வருமானம், ஊனம். மொத்த வழக்கும் இந்த மூன்று எண்களில் அடங்கிவிடுகிறது. வயதுக்கு ஆதாரோ பள்ளிச் சான்றோ இருக்கிறது. தகராறு மற்ற இரண்டில்தான்.

வருமானத்துக்குச் சான்று இல்லையென்றால் நீதிமன்றம் ஒரு தொகையைத் தானாக ஊகித்து வைக்கும். அது உங்கள் உண்மையான வருமானத்தைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் போதும். தச்சர், டிரைவர், தையற்காரர், சிறுகடைக்காரர் என்ன காட்டுவார்? ஜி.பே. வரவுகள், வேலை கொடுத்த ஒப்பந்தக்காரரின் சாட்சியம், நலவாரிய அட்டை, கடன் வாங்கும்போது வங்கியில் கொடுத்த விவரம். இவற்றைத் தேடி எடுக்கச் சொல்லும் வக்கீல் வேலை தெரிந்தவர்.

ஊனம் இன்னும் நுட்பமானது. மருத்துவக் குழு தரும் சான்றிதழில் "வலது முழங்கால், 30 சதவீதம்" என்று இருக்கலாம். அது உடலின் ஊனம். நீதிமன்றம் பார்க்க வேண்டியது, அந்த முழங்காலால் இந்த மனிதரின் சம்பாத்தியம் எவ்வளவு போனது என்பதை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாடம்போல விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்த ஒருவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று மதிப்பிடலாம். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதே கையை ஓர் அரசு அலுவலக எழுத்தர் இழந்தால் அவருடைய வேலை போகாமலே இருக்கலாம். அவருக்கு வேறு கணக்கு.

நம் தீர்ப்பாயங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஊனத்தால் வருமானம் பாதிக்கப்பட்டது நிரூபணமாகவில்லை என்றால், பெருக்கு எண் கணக்கையே விட்டுவிட்டு, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்துவிடுவார்கள். நம் தச்சருக்குச் சதவீதத்துக்கு 5,000 என்று போட்டால் 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம். மேலே பார்த்த 12 லட்சம் எங்கே, இது எங்கே! அவரால் இனி உட்கார்ந்து இழைக்க முடியாது, உத்தரம் தூக்க முடியாது என்று டாக்டரையோ, கூட வேலை செய்தவரையோ கூண்டில் ஏற்றிச் சொல்ல வைத்தாரா வக்கீல் என்பதில்தான் அந்த வித்தியாசம். உரத்த குரலில் வாதாடும் வக்கீலைத் தேடி அலைபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழக்கில் குரலுக்கு வேலை குறைவு.

அப்படியானால் எப்போது வக்கீல் வேண்டாம்? சிராய்ப்பு, ஒரு நாள் ஓ.பி. சிகிச்சை, காருக்கு மட்டும் அடி என்றால் வழக்குக்கு ஆகும் அலைச்சலுக்கே கட்டாது. கார் சேதத்துக்கு உங்கள் சொந்தப் பாலிசியில் கேட்டுக்கொள்ளலாம். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் வேறு வழி: அரசின் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். இதற்கு விண்ணப்பம்தான், வழக்கு இல்லை. யார் தவறு என்று நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் வாங்கலாம். இதில் ஒரு முள் இருக்கிறது. கம்பெனியின் சமரச நடைமுறைப்படி அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். இரண்டரை லட்சம் கைக்கு வருகிறதே என்று நம் தச்சர் வாங்கினால் மீதியை அவர் மறந்துவிட வேண்டியதுதான். கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டே ஆக வேண்டிய இடம் இது.

அப்புறம் கெடு. "அதெல்லாம் எப்ப வேணா போடலாம்" என்று சொல்லும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை; 1994இலிருந்து நெடுங்காலம் இந்த மனுவுக்குக் காலக்கெடுவே கிடையாது. 2019 திருத்தம் அதை மாற்றியது. 2022 ஏப்ரல் 1க்குப் பின் நடந்த விபத்துக்கு 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தாமதம் என்ற ஒரே காரணத்தால் மனுவைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். மூன்றாவது மாதத்துக்குள் வக்கீலை முடிவு செய்துவிட்டால் நிம்மதி. அதற்குள் காயத்தின் அளவும் தெரிந்துவிடும், போலீஸ் தாள்களும் வந்திருக்கும்.

தேடும்போது, இந்தத் தீர்ப்பாயத்தில் அன்றாடம் நடமாடும் வக்கீல்களைத் தேடுங்கள். சொத்து வழக்கில் பெரிய பெயர் எடுத்தவர் இதிலும் தேறுவார் என்று இல்லை. அதே ஆஸ்பத்திரியில் முன்பு சிகிச்சை பெற்று வழக்கு முடித்த ஒருவரை விசாரிப்பது, பத்துப் பெயர்ப் பலகைகளைப் படிப்பதைவிட மேல். இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பேசுங்கள். முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், இப்போது அந்த வேலையில் எதைச் செய்ய முடியவில்லை, வருமானத்துக்கு என்ன இருக்கிறது, ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் உட்காருங்கள். எதையும் பார்க்காமல் "இருபது லட்சம் வாங்கித் தரேன்" என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. என் வழக்கை நீங்களே நடத்துவீர்களா, ஜூனியரா? எதிர் வண்டிக்காரர் என் மீதும் பாதித் தவறு என்று சொன்னால் என்ன செய்வோம்? டாக்டரை விசாரிப்பீர்களா, சான்றிதழை மட்டும் போட்டுவிடுவீர்களா? என் வழக்கின் பலவீனம் எது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வக்கீல் ஃபைலைப் படித்திருக்க மாட்டார்.

பீஸ் விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால் அமெரிக்கச் செய்திகளே முதலில் வந்து விழும்: ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் பீஸ் இல்லை. அந்த நாட்டில் அது முறையான, பரவலான ஏற்பாடு. இந்தியாவில் அப்படியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஆனாலும் 'பர்சன்டேஜ்' பேச்சு விபத்து வழக்குகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது என்பது கோர்ட் வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். கையில் காசில்லாதவருக்கு அது வசதிபோலத் தோன்றும். தீர்ப்பு வந்த பிறகுதான் வினை: பேசியது பத்தா இருபதா, வட்டியிலும் பங்கா, செலவு தனியா என்று தகராறு. எழுத்தில் எதுவும் இருக்காது. எழுதவும் முடியாதே, விதி இடம் தராது!

ஆகவே குறிப்பிட்ட தொகையாகப் பேசுங்கள், தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். பீஸ் வேறு, செலவு வேறு என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகல், நோட்டீஸ் அனுப்பும் செலவு, சாட்சி சொல்ல வரும் டாக்டருக்கான செலவு எல்லாம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வக்கீல் குமாஸ்தா கேட்கும்போதெல்லாம் ரசீதில்லாமல் கொடுக்கும் ஐந்நூறுகள் சேர்ந்தால் தனியாக ஒரு பீஸ் ஆகிவிடும். எந்தக் காரணத்துக்காகவும் வெற்றுக் காசோலையிலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்துக் கூடாது, பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பணமே இல்லை என்றால் இலவச வக்கீல் உண்டு, அது தர்மம் அல்ல, 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே கிடைக்கும். மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழ் இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். விபத்தில் ஊனமாகிப்போனவர், தான் இப்போது மாற்றுத்திறனாளி என்ற கணக்கிலேயே இதற்குத் தகுதி பெறக்கூடும் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

வக்காலத்துப் போட்டுவிட்டால் வழக்கு வக்கீலுக்குச் சொந்தம் ஆகிவிடாது. மனுவை நீதிமன்றம் பதிவு செய்து எண் கொடுத்ததும் அதன் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீட்டை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். "நடந்துக்கிட்டு இருக்கு" என்ற பதிலோடு இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. பிடிக்கவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். பீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கியைத் தனியாக வசூலிக்கட்டும், ஃபைல் உங்களுடையது. அதற்காகக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஆளை மாற்றுவது அழகல்ல.

வழக்கு நடுவிலேயே சமரசப் பேச்சு வரும். விபத்து அறிக்கை கிடைத்த பின் இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி 30 நாளுக்குள் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆம் பிரிவு சொல்கிறது. இல்லாவிட்டால் மக்கள் நீதிமன்றத்தில் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றம் கெட்டதல்ல; வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதை எதிர்த்து அப்பீல் கிடையாது. ஆகவே போகும் முன் மேலே போட்ட பெருக்கல் கணக்கை உங்கள் எண்களை வைத்து நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கொடுங்காயம் முழுதாக ஆறி, ஊனச் சான்றிதழ் கைக்கு வரும் முன் சமரசத்துக்கு உட்காருவது, எடை போடாமல் நெல்லை விற்பதுபோல.

தீர்ப்பு வந்தால், உத்தரவான தொகையை 30 நாளுக்குள் செலுத்த வேண்டும், மனுத் தேதியிலிருந்து வட்டியும் சேர்த்துத் தீர்ப்பாயம் கொடுக்கலாம். தொகை குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல். சர்ச்சைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் அப்பீலுக்கு இடமில்லை. பணம் கோர்ட் டெபாசிட்டில் வந்து நின்றதும் அதை எடுக்க ஒரு மனுப் போட வேண்டியிருக்கும். அந்த மனுவில் எழுதும் வங்கிக் கணக்கு எண் உங்களுடையதுதானா என்று நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். சிறுவர்களின் பங்கை நீதிமன்றம் அவர்கள் மேஜராகும் வரை நிரந்தர வைப்பில் போட்டுவிடும். அந்த ரசீது எந்த வங்கியில், எந்தக் கிளையில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.